காலைப் பூட்டினால் தலையைப் பிடி: நான்கு வார ஹாஃப் கார்ட் வகுப்பு எப்படி இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த 160 டாலர் வீண் போகவில்லை. மொத்தம் 8 வகுப்பு, வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு, அதாவது தரையில் கட்டிப் புரண்டு விளையாடும் மல்யுத்தம் மாதிரி ஒரு கலை. எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கீழே படுத்திருப்பவர் ஹாஃப் கார்டில் நம் காலை லாக்டவுன் போட்டுப் பூட்டிவிட்டால் அதைக் கடந்து, அதாவது அவர் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு, போவது எப்படி (ஹாஃப் கார்ட், லாக்டவுன் இரண்டையும் கீழே விளக்குகிறேன்). லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொஞ்சம் வெளியே, கிடங்கு மாதிரி ஒரு கட்டடத்தில் இருக்கிறது அந்த ஜிம். பெயர் போடவில்லை, கீழே சில குறைகளும் சொல்கிறேன், அவற்றை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன்.

யார் எழுதுகிறான் என்று தெரிந்தால்தான் இந்த விமர்சனம் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியும். ஐந்து வருடமாக பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகுகிறேன், நீல பெல்ட் (வெள்ளை, நீலம், ஊதா, பிரௌன், கறுப்பு என்ற வரிசையில் இரண்டாவது), வயது 41, எடை 83 கிலோ. மேலேயிருந்து விளையாடுவதுதான் எனக்குப் பிடிக்கும், அதிலும் நீ-ஸ்லைஸ், அதாவது முழங்காலை எதிராளியின் தொடைக்குக் குறுக்கே சறுக்கவிட்டுக் கடக்கும் முறை. சாதாரண ஹாஃப் கார்ட் என்றால் எனக்குப் பெரிய பயமில்லை. ஆனால் என் வழக்கமான ஜிம்மில் ஒருவர் இருக்கிறார், ஆறடிக்கு மேல் உயரம், கால்கள் இரண்டும் கொடி மாதிரி நீளம், அவர் அந்தக் கால்களால் என் ஒற்றைக் காலைப் பின்னிக்கொண்டால் அதோடு அன்றைய ரவுண்டு முடிந்தது. ஆறு நிமிடமும் அதே இடத்தில் கிடப்பேன். சில நாள் அதைவிட மோசம், அப்படியே கவிழ்த்து என் முதுகுக்குப் போய்விடுவார்.

தெரியாதவர்களுக்காக லாக்டவுன் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. ஹாஃப் கார்ட் என்றால் மேலே இருப்பவரின் ஒரு காலைக் கீழே இருப்பவர் தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் பிடித்து வைத்திருப்பது. என் வலது கால் சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் இடது காலை வெளியிலிருந்து என் கெண்டைக்கால் மேல் போட்டு, அந்தப் பாதத்தைத் தன் வலது முழங்காலுக்கு அடியில் செருகுவார், அப்புறம் வலது பாதத்தை என் கணுக்காலுக்கு அடியில் கொக்கி மாதிரி மாட்டுவார். பூட்டு விழுந்துவிட்டது. இப்போது அவர் இரண்டு கால்களையும் நேராக நீட்டினால் என் காலும் சேர்ந்து நீளும், முழங்கால் தரையை விட்டு எழும்பும், எனக்கு நிற்க ஊன்றுகோல் இல்லாமல் போய்விடும். முன்னால் சாய்ந்து கையை ஊன்றுவேன். அந்தக் கைகளுக்கு அடியில்தான் அவர் தன் இரண்டு கைகளையும் நுழைப்பார். அங்கிருந்து ஸ்வீப், அதாவது என்னைக் கவிழ்த்து மேலே வருவது, எலக்ட்ரிக் சேர் என்ற கவட்டைப் பிடி, முதுகைப் பிடிப்பது என்று அவருக்கு வழி நிறைய.

முதல் வகுப்பில் கோச் பதினைந்து நிமிடம் வரலாறு பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது, பக்கத்தில் இருந்த சிலர் நெளிந்தார்கள். ஹாஃப் கார்டை ஒரு காலத்தில் தோற்றுக்கொண்டிருப்பவன் கடைசியாகத் தொங்கும் இடம் என்றுதான் பார்த்தார்கள். கோர்டோ என்று எல்லோரும் கூப்பிடும் ரொபெர்ட்டோ கொரேயா முழங்காலில் அடிபட்ட பிறகு அந்தக் காலைக் காப்பாற்றிக்கொள்ள ஹாஃப் கார்டிலேயே இருந்து விளையாடி, அதைத் தாக்கும் இடமாக மாற்றிக் காட்டினார். லாக்டவுன் பக்கம் வந்தால், அதைப் பிரபலமாக்கியவர் எட்டி பிராவோ. 2003-ல் சாவோ பாவ்லோவில் நடந்த ஏடிசிசி என்ற பெரிய கிராப்ளிங் போட்டியில், பிரௌன் பெல்ட்டாக இருந்தபோதே, பெரிய சாம்பியனான ஹாய்லர் கிரேசியை, கால்களால் கழுத்தை நெரிக்கும் முக்கோணப் பிடியில் தட்ட வைத்தவர், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தவர். அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் டென்த் பிளானட் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு பேரும் 2014 மார்ச்சில் மெட்டாமோரிஸ் 3 என்ற போட்டி நிகழ்ச்சியில் மறுபடி மோதினார்கள், புள்ளிக் கணக்கே இல்லாத 20 நிமிட ஆட்டம், யாரும் தட்டாததால் சமன். அந்த ஆட்டத்தில் ஹாய்லரின் கால் லாக்டவுனில் மாட்டிக்கொண்ட பிறகு என்ன பாடுபட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லாக்டவுன் வளர்ந்த ஊர் இது. இங்கே எந்த ஜிம்முக்குப் போனாலும் அதைப் போடத் தெரிந்த ஒருவராவது மேட்டில் இருப்பார் என்றார் கோச். என் அனுபவமும் அதுதான்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

நான் எதிர்பார்த்துப் போனது காலை உருவி எடுக்கும் தந்திரங்களை. முதல் இரண்டு வகுப்பிலும் கோச் காலைத் தொடவே விடவில்லை. ஜோடி ஜோடியாகப் பிரித்தார், கீழே இருப்பவர் முழுப் பூட்டையும் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், மேலே இருப்பவர் கால் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு இரண்டு வேலை மட்டும் செய்ய வேண்டும். சிக்கிய கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையால் அண்டர்ஹுக், அதாவது அவருடைய அக்குளுக்கு அடியில் நம் கை. மறுபக்கத்துக் கையால் அவர் தலைக்கு அடியில் சுற்றி, தோளை அவர் தாடையில் வைத்து முகத்தை நம்மைவிட்டு அப்பால் திருப்பும் கிராஸ்ஃபேஸ். இதைச் சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்தார். பந்தை என் தோளுக்கும் கீழே இருப்பவரின் தாடைக்கும் நடுவில் வைக்க வேண்டும், அவர் எவ்வளவு திமிறினாலும் பந்து விழக்கூடாது, மூன்று நிமிடம்.

எனக்கு முதல் தடவை 10 விநாடியில் விழுந்தது. ஏன் என்று அப்போதே புரிந்தது. அவர் கால்களை நீட்டியதும் நான் பதறி இடுப்பைத் தூக்கிவிடுகிறேன், இடுப்பு எழும்பினால் மார்பும் எழும்பும், தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. ஐந்து வருடமாக எனக்கு நடந்துகொண்டிருந்ததும் அதுதான். நான் காலைப் பற்றிக் கவலைப்படும் அந்த அரை விநாடியில் மேலே கைச் சண்டையில் தோற்றுக்கொண்டிருந்தேன். கோச் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “கால் எங்கேயும் போகாது, அவர்தான் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறாரே. தலை எங்கே இருக்கிறது என்று பார்” என்றார். நாலு வாரத்தில் அவர் சொன்னதிலேயே எனக்கு அதிகம் பயன்பட்ட வாக்கியம் இது.

அவர் முகம் அப்பால் திரும்பிவிட்டால் அவரால் பக்கவாட்டில் ஒருக்களிக்க முடியாது. முதுகு முழுசாகத் தரையில் படுத்துவிட்டால், கால் பூட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதை வைத்து அவரால் ஒன்றும் பண்ண முடியாது. நீட்டலாம், நமக்கு வலிக்கும், அவ்வளவுதான். லாக்டவுனின் பலம் கால் பாதி, அக்குளுக்கு அடியில் போகும் அந்தக் கைகள் பாதி, கைகளை அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது நேரம் கடத்தும் ஒரு பிடி மட்டும்தான். இதை நான் யூடியூபில் பத்துத் தடவை கேட்டிருப்பேன். பந்து விழுந்த சத்தத்தில்தான் மண்டையில் ஏறியது.

மூன்றாவது, நான்காவது வகுப்புதான் இந்தத் தொடரின் உயிர். பூட்டை உடைப்பது. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் கொடுத்து எனக்குக் கிடைத்ததே இதுதான்.

முதல் வேலை, அவர் நீட்டுவதை நிறுத்துவது. சும்மா இருக்கும் என் இடது காலைக் கொண்டுவந்து, சிக்கியிருக்கும் வலது கணுக்காலோடு பின்னிக்கொள்ள வேண்டும். இரண்டு கால்களையும் சேர்த்து அவரால் நீட்ட முடியாது, முயற்சி செய்து பார்த்து விட்டுவிடுவார். மூச்சு வாங்க ஒரு இடம் கிடைத்தது. அடுத்து, இடுப்பைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டு அவர் தலைப் பக்கமாக நகர வேண்டும். கம்பளிப்பூச்சி நகர்கிற மாதிரி, இடது பக்கம் ஒரு விரல்கடை, வலது பக்கம் ஒரு விரல்கடை. நகர நகர என் வலது முழங்கால் மடங்கும், குதிகால் என் பின்பக்கத்தை நோக்கி வரும். அவருடைய பூட்டு நீளமான காலைப் பிடிப்பதற்காகப் போட்டது, கால் மடங்கினால் அவர் கால்களும் கூடவே மடங்கி மேலே வர வேண்டியிருக்கிறது, கொக்கி போட்ட பாதத்துக்குக் கோணம் கெட்டுப்போகிறது. அப்போது பின்னிய இடது காலை எடுத்து, அதன் பாதத்தால் அந்தக் கொக்கிப் பாதத்தை மிதித்து விலக்க வேண்டும். ஒரே மிதியில் போகாது. மிதி, நகர், மறுபடி மிதி. என் வலது பாதத்தின் மேல்தோல் முதல் வாரத்திலேயே உரிந்துவிட்டது, அடுத்த வகுப்புக்கு டேப் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

கொக்கி விலகிய அந்த நொடி எப்படி இருக்கும் என்றால், இறுக்கமான போத்தல் மூடி திடீரென்று சுழலத் தொடங்குமே, அந்த மாதிரி. முழங்காலைச் சுற்றியிருந்த இறுக்கம் போய், கால் இப்போது சாதாரண ஹாஃப் கார்டில் இருக்கிறது. அங்கேயே அவசரப்பட்டு எழுந்தால் போச்சு, அவர் திரும்பப் பூட்டிவிடுவார். நான் இரண்டு தடவை அப்படி எழுந்து, இரண்டு தடவையும் பழைய இடத்துக்கே போனேன்.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் இப்போது முதல் ஆயுதம்: பூட்டை உடைக்காமலேயே மவுண்ட், அதாவது அவர் மேல் ஏறி உட்காரும் நிலை, பக்கம் போவது. முகம் திரும்பி, முதுகு தரையில் இருக்கிறது என்றால், என் வலது முழங்காலை அவருடைய இடது தொடைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கத் தரையில் இறக்கிவிட வேண்டும். பாதம் மட்டும் இன்னும் அவர் கால்களுக்குள் இருக்கும், உடம்பு கிட்டத்தட்ட அவர் மேல் ஏறி உட்கார்ந்தாயிற்று. முக்கால் மவுண்ட் என்று சொல்வார்கள். அங்கிருந்து அவர் கழுத்தைத் தாக்க ஆரம்பித்தால், கழுத்தைக் காப்பதா கால் பூட்டைக் காப்பதா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் கால் பூட்டை விட்டுவிடுவார்கள்.

நான் காதலோடு செய்துகொண்டிருந்த நீ-ஸ்லைஸைப் பற்றி கோச் சொன்னது எனக்குக் கசந்தது, ஆனால் உண்மை. லாக்டவுன் விழுவதற்கு முன்னால் நீ-ஸ்லைஸ் நல்ல ஆயுதம், குதிகாலைப் பின்பக்கத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டால் பூட்டுப் போடவே அவருக்கு இடம் கிடைக்காது. பூட்டு விழுந்த பிறகு அதே திசையில் முழங்காலை வெட்டினால், பாதம் ஒரு பக்கம் கட்டிப்போட்டிருக்கும்போது முழங்கால் இன்னொரு பக்கம் திரும்புகிறது. முறுக்கு முழுவதும் முழங்காலின் உள்பக்க ஜவ்வில் விழும்.

இது எனக்கு நடந்திருக்கிறது. இரண்டு வருடம் முன்னால், வேறொரு ஜிம்மில், இதே நிலையில் நான் பிடிவாதமாக வெட்டிக்கொண்டு போக, அவர் அதே நேரத்தில் முழு பலத்தோடு நீட்ட, உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். அன்று அங்கே பொறுப்பில் இருந்தவர், நடக்க முடிகிறதா, அப்படியானால் தொடர்ந்து செய் என்றார். நானும் செய்தேன். ஐந்து வாரம் மேட் பக்கம் போகவில்லை, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க இரண்டு மாதம் ஆயிற்று. அதனால் இந்த வகுப்பில் என்னை முதலில் கவர்ந்தது தொழில்நுட்பம்கூட இல்லை. முதல் நாள் கதவைத் திறந்ததும் ஒவ்வொருவரிடமும் முழங்கால், தொடை இடுக்கு, கணுக்கால், இதில் பழைய அடி ஏதாவது உண்டா என்று கேட்டுக் கையில் குறித்துக்கொண்டார் அந்தக் கோச். என்னைச் சேர்த்த ஜோடியிடம், “இவருடைய வலது காலில் நீட்டுவது பாதி பலத்தில் மட்டும்” என்று எனக்கு முன்னாலேயே சொன்னார். கை தட்ட முடியாத நிலையில் வாயால் ‘டாப்’, அதாவது தட்டிவிட்டேன், என்று கத்தினாலும் உடனே விட வேண்டும் என்பதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் திரும்பச் சொன்னார். எலக்ட்ரிக் சேர் என்பது கவட்டையைப் பிளக்கும் பிடி, அது வருகிறது என்று தெரியும்போதே தட்டிவிட வேண்டும், வலித்த பிறகு இல்லை. 8 வகுப்பில் ஒருவருக்குக்கூட அடிபடவில்லை. 14 பேர் இருந்த மேட்டில் அது சாதாரண விஷயமில்லை.

அந்த 14 பேர் என்பதுதான் என் முதல் புகாரும். மேட் 10 பேருக்குத்தான் வசதி. டிரில் செய்யும்போது சமாளிக்கலாம், பொசிஷனல் ஸ்பாரிங், அதாவது குறிப்பிட்ட நிலையிலிருந்து தொடங்கும் பயிற்சி ஆட்டம், தொடங்கினால் ஒரு ஜோடி இன்னொரு ஜோடியின் மேல் உருளும். மூன்றாவது வகுப்பில் என் பூட்டு உடைந்து நான் கடக்கப்போன நேரத்தில் பக்கத்து ஜோடி வந்து மோத, இரண்டு பேரும் நிறுத்தி, எழுந்து, நகர்ந்து, திரும்ப அதே நிலையைப் போட வேண்டியிருந்தது. திரும்பப் போட்டால் அது அதே நிலை இல்லை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அறிவிப்பில் 10 பேர் என்றுதான் போட்டிருந்தார்கள். கேட்டால், ஆர்வமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லை என்றார்கள். மனது நல்லதுதான், ஆனால் இடமும் வேண்டும்.

இரண்டாவது புகார் இன்னும் பெரியது. ஆறாவது வகுப்பு முழுவதையும், பூட்டிய காலை வைத்தே எதிர்த்தாக்குதல் செய்வதற்கு ஒதுக்கினார், அதாவது அவருடைய கொக்கிப் பாதத்தைப் பிடித்து முறுக்கும் டோ ஹோல்ட் போடுவது, பின்பக்கமாகத் திரும்பி முழங்காலை நெம்பும் நீ-பார் போடுவது. பார்க்க அழகு. ஆனால் வந்திருந்தவர்களில் 11 பேர் வெள்ளை அல்லது நீல பெல்ட். பெரிய ஜியு-ஜிட்சு போட்டிகளை நடத்தும் ஐபிஜேஜேஎஃப் அமைப்பின் விதிப்படி டோ ஹோல்ட், நீ-பார், கெண்டைக்காலை நசுக்கும் காஃப் ஸ்லைசர் மூன்றுமே பிரௌன், கறுப்பு பெல்ட்டுக்குத்தான். நாங்கள் போட்டியில் அதைப் போட்டால் தகுதி நீக்கம். ஒன்றரை மணி நேரத்தை அதில் கொட்டியதற்குப் பதிலாக முக்கால் மவுண்டிலிருந்து என்ன செய்வது என்பதை இன்னொரு வகுப்பு சொல்லியிருக்கலாம், அது எல்லோருக்கும் ஆகியிருக்கும். நோ-கி, அதாவது கி என்ற தடித்த சீருடை இல்லாமல், மட்டும் விளையாடுகிறவர்களுக்கு, விதிகள் வேறாக இருக்கும் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு ஆறாவது வகுப்பு பிடித்திருக்கலாம். எனக்கு அது நஷ்டம்.

அப்புறம் உடல் எடை. என் ஜோடிகளில் ஒருவர் 58 கிலோ பெண், ஊதா பெல்ட், என்னைவிட நுணுக்கமாக விளையாடுகிறவர். தோளைத் தாடையில் வைத்து அழுத்து என்று கோச் சொன்னபோது 83 கிலோ எனக்கு அது வேலை செய்தது, 90 கிலோ ஆளுக்கு எதிரே அவருக்கு வேலை செய்யவில்லை. அவர் அழுத்துவார், கீழே இருப்பவர் தலையைத் திருப்பிக்கொண்டு நிம்மதியாக அண்டர்ஹுக்கை எடுத்துவிடுவார். இதை இரண்டாவது வகுப்பிலேயே அவர் கேட்டார். சரியான பதில் ஏழாவது வகுப்பில்தான் வந்தது: தோளுக்குப் பதிலாகத் தன் தலையை, நெற்றியின் ஓரத்தை, அவர் தாடைக்கு அடியில் ஆப்பு மாதிரி வைப்பது, இரண்டு கைகளையும் ஒரே கையின் மேல் போட்டு அண்டர்ஹுக்கை மட்டும் ஜெயிப்பது, பூட்டை உடைக்கும் வேலையே பார்க்காமல் நேராக முக்கால் மவுண்டுக்குப் போவது. பதில் அருமையாக இருந்தது. அன்றைக்கு அவர் மூன்று பெரிய ஆட்களைத் தொடர்ந்து கடந்தார், மூன்றாவது ஆள் எழுந்து கை குலுக்கிவிட்டு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஆனால் ஐந்து வகுப்பு அவர் காத்திருந்திருக்கிறார். எடை குறைந்தவர்களுக்கான வழியை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் நீளக் கால்காரர்களின் லாக்டவுனில் அதிகம் அவதிப்படுவது அவர்கள்தான்.

ஒவ்வொரு வகுப்பின் சுருக்கமும் வீடியோவாக அனுப்புவோம் என்றார்கள். 8-க்கு 3 வந்தது. வந்த மூன்றும் நன்றாக இருக்கிறது, கேமரா மேலிருந்து எடுத்திருக்கிறார்கள், கால் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரிகிறது. மீதியை நான் நோட்டில் எழுதி வைத்ததை வைத்துச் சமாளிக்கிறேன். போகிறவர்கள் வகுப்பு முடிந்ததும் காரில் உட்கார்ந்து அன்றே எழுதிவிடுங்கள், மறுநாள் காலையில் எந்தக் கை எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும்.

பொசிஷனல் ஸ்பாரிங்குக்கு அவர்கள் வைத்திருந்த முறையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பல ஜிம்களில் டிரில் முடிந்ததும் நேராகச் சாதாரண ரோலுக்கு, அதாவது எந்த நிலைக்கும் போகக்கூடிய பயிற்சி ஆட்டத்துக்கு, போய்விடுவார்கள், அன்று கற்ற நிலை அந்த ரோலில் ஒரு தடவைகூட வராது. இங்கே ஒவ்வொரு வகுப்பின் கடைசி 30 நிமிடமும் முழுப் பூட்டோடு, கீழே இருப்பவருக்கு இரண்டு அண்டர்ஹுக்கும் கொடுத்து, அதாவது நமக்கு மிக மோசமான இடத்திலிருந்துதான் ஆட்டம் தொடங்கும். இரண்டு நிமிடம். கடந்து பக்கவாட்டில் 3 விநாடி நின்றால் மேலே இருப்பவருக்கு வெற்றி, கவிழ்த்தாலோ முதுகுக்கு வந்தாலோ கீழே இருப்பவருக்கு. ஜெயித்தவர் மேட்டிலேயே இருப்பார், தோற்றவர் வரிசைக்குப் போவார். முதல் நாள் எனக்கு 9 முயற்சியில் ஒன்றுதான். கடைசி நாள் 10-க்கு 6. கூட்டத்தில் பாதிப் பேர் லாக்டவுனில் கெட்டிக்காரர்கள், கீழேயிருந்து பழகவே வந்தவர்கள், அதனால் அந்த 6 எனக்குப் பெரிய எண்ணிக்கை.

இரண்டு கையும் அவருக்குப் போய்விட்ட அந்த மோசமான இடத்தில் என்ன செய்வது என்பதற்குக் கோச் சொன்னதும் எளிமையானது. ஒன்றை மட்டும் திரும்பப் பிடி. சிக்கிய கால் பக்கத்து அண்டர்ஹுக்தான் ஆபத்து, அந்தப் பக்கம்தான் அவர் எழுந்து முதுகுக்குப் போவார். அந்தக் கையின் மேல் விஸர் போட்டு, அதாவது என் கையை அவர் கைக்கு மேலாகச் சுற்றி இறுக்கிக்கொண்டு, தலையை அவர் தலையோடு ஒட்டி மறுபக்கம் தள்ளி, மறு கையால் கிராஸ்ஃபேஸைத் தேடு. அவர் விப் அப் செய்ய, அதாவது கால்களை உதறி நீட்டி என்னை முன்னால் எறிந்து அடியில் புக முயற்சி செய்வார். அந்த உதறல் வரும் முன் அவர் கால்கள் ஒரு கணம் மடங்கித் தளரும். அந்தத் தளர்வில்தான் இடுப்பை இறக்க வேண்டும். நாலாவது வாரத்தில்தான் எனக்கு அந்தத் தளர்வு காலில் உணர்வாகத் தெரிய ஆரம்பித்தது. அதுவரை கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன், கண்ணால் அது தெரியாது.

யாருக்கு இந்த வகுப்பு என்று கேட்டால், குறைந்தது ஒன்றரை, இரண்டு வருடம் பழகியவர்களுக்கு. ஹாஃப் கார்டில் மேலே இருந்து சமநிலை காக்கத் தெரியாத புதியவர்கள் போனால் பாதி புரியாது, வந்திருந்த இரண்டு புதியவர்கள் மூன்றாவது வகுப்போடு நின்றுவிட்டார்கள். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் சேரும் முன் கோச்சிடம் தனியாகப் பேசுங்கள், அவர் காது கொடுத்துக் கேட்பார். கி, நோ-கி இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் கணுக்கால் வரை மூடும் ஸ்பேட்ஸ் என்ற இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தோல் மிஞ்சாது. கார் நிறுத்த இடம் பின்பக்கம் இருக்கிறது, முன்பக்கம் நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போன வாரம் என் வழக்கமான ஜிம்மில் அந்த நீளக் கால்காரரோடு ரோல் செய்தேன். வழக்கம்போலப் பூட்டினார். நான் காலைப் பார்க்கவே இல்லை. தோளை வைத்தேன், முகத்தைத் திருப்பினேன், இரண்டு தடவை நீட்டினார், வலித்தது, அசையவில்லை. கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆயிற்று, முழங்காலை மறுபக்கம் இறக்கினேன், அவர் கழுத்தைக் காக்கக் கையை எடுத்தபோது பாதம் தானாக வெளியே வந்தது. ரவுண்டு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, “இது எங்கே கற்றுக்கொண்டாய், இன்னொரு தடவை காட்டு” என்றார். காட்டினேன். அடுத்த ரவுண்டில் அவர் லாக்டவுன் போடாமல் எனக்கு அடியில் முழுசாக உருண்டு புகுந்து டீப் ஹாஃபுக்குப் போய் என்னைக் கவிழ்த்தார்.

அந்த ஜிம்மில் அடுத்த தொடர் டீப் ஹாஃப் பற்றித்தானாம். இந்தத் தடவை உண்மையாகவே 10 பேரோடு நிறுத்துவீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஆமாம் என்று பதில் வந்தால் அன்றே பணம் கட்டிவிடுவேன்.